ஊவா மலைச் சரித்திரம் – அத்தியாயம் 17: துயரத்தின் பல குரல்கள்

சென்ற அத்தியாயத்தில், 1630ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ தே சா பெரும் சேனையுடன் ஊவாவுக்குள் புகுந்து பதுளை நகரைத் தீக்கிரையாக்கியதையும், திரும்பும் வழியில் ரந்தெனிவெல என்னுமிடத்தில் செனரத் மன்னனின் படைகள் அவனைச் சூழ்ந்து வீழ்த்தியதையும் கண்டோம். ஐரோப்பியர் இம்மலைகளுக்கு வந்த சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தீயோடும் வாளோடும் நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதே நூற்றாண்டில், அதே கடல்வழியாக, சேனையும் கொடியும் இல்லாமல் வேறொன்றும் கண்டி இராஜ்யத்துக்குள் வந்து சேர்ந்தது. ஜனங்கள் ஓரிடத்தில் கூடி, கிறிஸ்துநாதரின் திருப்பாடுகளைக் கேட்டு, தங்கள் தாய்மொழியிலேயே பாடி அழுகின்ற பக்தி முறையே அது. பதுளைக்கும் பசறைக்கும் ஹப்புத்தளைக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டங்களில் பெரிய வெள்ளிக்கிழமையன்று எழுகின்ற புலம்பல் கீதங்களின் பூர்வ சரித்திரத்தில் ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு செல்பவன், மலையிறங்கி, சமுத்திரம் கடந்து, கோவா நகரின் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டு உரோமாபுரியில் ஒரு வீட்டின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவ்வீட்டில் வாழ்ந்த இருவரைப் பற்றியும், அக்காலத்துத் தேவாலய சங்கீதம் மனித ஆத்மாவை எவ்விதம் பற்றிக்கொண்டது என்பதைப் பற்றியும் விரிவாகச் சொன்ன பிறகே நம் மலைக்குத் திரும்புவேன். வாசகர்கள் பொறுமையோடு உடன் வர வேண்டுகிறேன்.

அந்த வீடு, சான் ஜிரோலாமோ தெல்லா கரித்தா என்னும் கோவிலைச் சார்ந்த குருமார் இல்லம். 1551 முதல் 1583 வரை அங்கே வாழ்ந்தவர் புளோரன்ஸ் நகரத்தவரான பிலிப்பு நேரி. நரக பயத்தைக் காட்டி மனிதரை நல்வழிப்படுத்த முயன்றவர்கள் மலிந்திருந்த அந்தக் காலத்தில், சிநேகத்தாலும் கானத்தாலும் அவர்களை இறைவனிடம் அழைக்கலாம் என்று நம்பியவர் அவர். மாலை வேளைகளில் வியாபாரிகளும் கைத்தொழிலாளரும் பிரபுக்களும் பேதமின்றி அவருடைய ஜெபக்கூடத்தில் கூடுவார்கள். ஒரு நூலிலிருந்து சில பக்கங்கள் வாசிக்கப்படும். வாசித்ததைப் பற்றி எளிய பேச்சில் சம்பாஷணை நடக்கும். இறுதியில் எல்லோருக்கும் விளங்கும் இத்தாலிய மொழியில் பக்திப் பாடல்கள் பாடப்படும். அந்தப் பாடல்களை அமைத்தவர் புனித பேதுரு பேராலயத்தின் சங்கீதத் தலைவராயிருந்த ஜொவான்னி அனிமூச்சா. அவர் அச்சிட்ட இரண்டு தொகுதிகள் 1563இலும் 1570இலும் வெளிவந்தன. உரோமாபுரியின் மகா வித்துவான்களில் ஒருவர், இலத்தீன் அறியாத பாமரர் நாவில் எளிதாக அமரும்படி தம் வித்தையைச் சுருக்கி எழுதினார் என்பதை அந்தச் சபையின் பெரிய புண்ணியங்களுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன். பதின்மூன்றாம் கிரகோரி பாப்பரசர் 1575இல் அச்சபையை அங்கீகரித்தார்.

அதே இல்லத்துக்கு 1578இல் ஓர் இளங்குரு வந்து சேர்ந்தார். ஸ்பெயின் தேசத்தின் ஆவிலா நகரில், தெரேசம்மாள் தவமிருந்த அதே ஆவிலாவில், 1548 அளவில் பிறந்து, அங்குள்ள பேராலயத்தில் பாடகச் சிறுவனாக வளர்ந்து, சங்கீதமும் வேதசாஸ்திரமும் கற்க உரோமாபுரிக்கு வந்த தோமாஸ் லூயிஸ் தே விக்டோரியா என்பவரே அவர். அவரும் நேரியும் ஐந்து வருஷங்கள் ஒரே கூரையின்கீழ் வசித்தார்கள். விக்டோரியா தம் வாழ்நாளில் காதற்பாட்டு ஒன்றேனும் எழுதியவரல்லர். அவர் அச்சிட்டவை அனைத்தும் இறைவழிபாட்டுக்கென்றே எழுந்தவை. பலருக்கும், அதே காலத்தில் உரோமாபுரியில் இசை இயற்றிய பாலஸ்திரீனாவே அந்த யுகத்தின் சக்கரவர்த்தி. அவருடைய நிறைவையும் நிதானத்தையும் நானும் வணங்குகிறேன். ஆயினும் துயரத்தின் ஆழத்தில் இறங்கி நின்று அங்கிருந்தே பிரார்த்திக்கிற குரல் எது என்று கேட்டால், விக்டோரியாவின் பெயரையே சொல்வேன்.

இந்தச் சங்கீதத்தின் இயல்பைத் தமிழ்ச் செவிக்கு எடுத்துரைப்பது அவசியம். நம்முடைய இசை ஒரு குரலின் பாதையைப் பின்பற்றுவது. சுருதியின் மீது ஒரே ராகம் எழுந்து, கமகங்களால் நெளிந்து, ஆழ்ந்து, மலர்ந்து செல்வது. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தேவாலயத்தில் நான்கு, ஐந்து, ஆறு குரல்கள் தனித்தனிப் பாதையில் நடந்தன. முதற்குரல் ஒரு சொல்லைத் தொடங்கும். அது சில அடி சென்றதும் இரண்டாவது குரல் அதே சொல்லை அதே நடையில், வேறொரு ஸ்தாயியில் எடுத்துக்கொள்ளும். பிறகு மூன்றாவது, நான்காவது. எந்தக் குரலும் எஜமானனல்ல. எதுவும் வெறும் பக்கபலமல்ல. ஒவ்வொன்றையும் தனியே பிரித்தெடுத்தாலும் அது ஒரு முழுமையான கானமாகவே இருக்கும். வாத்தியத் துணையின்றி மனிதக் குரல்களால் மட்டுமே பாடும்போது, கல்லாலான மண்டபத்தின் எதிரொலியும் ஒரு குரலாகச் சேர்ந்துகொள்ளும்.

அந்தக் காலத்துச் சுர அடுக்குகள் நமக்கு அந்நியமானவை அல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கமகங்களை நீக்கிவிட்டு அடுக்கை மட்டும் பார்த்தால், தேவாலயத்தில் டோரியன் என்று வழங்கியது நம் கரஹரப்பிரியா, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி, துயரத்துக்கும் பச்சாத்தாபத்துக்கும் பெரிதும் எடுத்தாளப்பட்ட ஃபிரிஜியன் நம் தோடி. சோகத்தை வெளியிட இரு தேசத்தாரும் ஆதார ஸட்ஜத்தை ஒட்டி நெருங்கி நிற்கும் சுத்த ரிஷபத்தை நாடினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புண்டாகிறது.

ஆனால் உள்ளத்தைத் தொடுகிற இரகசியம் சுர அடுக்கில் மட்டும் இல்லை. இரு குரல்கள் இனிமையாக இசைந்து நிற்கின்றன. அப்போது கீழ்க்குரல் நகர்ந்துவிடுகிறது. மேற்குரலோ தன் சுரத்தை விடாமல் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஒரு கணத்துக்கு முன் பொருந்தியிருந்த அதே சுரம் இப்போது உரசுகிறது, நோகிறது. கேட்பவர் மூச்சடங்கிக் காத்திருக்கிறார். பிறகு மேற்குரல் ஒரேயொரு படி இறங்குகிறது, இசைவு திரும்புகிறது. நாள் முழுதும் தலைக்கயிற்றில் கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறியவள் மடுவத்தில் அதை இறக்கி வைக்கும்போது உடம்பு உணர்கின்ற விடுதலையைச் செவி அந்த இடத்தில் உணர்கிறது. இவ்வாறு நோதலும் ஆறுதலும் ஒரு பாடலுக்குள் நூறு முறை நிகழ்கின்றன. ஒரு குரல் ஆறுதலடையும் தறுவாயில் மற்றொரு குரல் நோகத் தொடங்குகிறது. துக்கம் இல்லை என்று அந்தச் சங்கீதம் சொல்வதில்லை. துக்கத்தை ஒருவர்மேல் ஒருவராகக் கைமாற்றித் தாங்குகிறது.

இதற்கு மகத்தான உதாரணம் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. புளோரன்ஸ் நகரில் 1498இல் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்ட சவொனரோலா என்னும் துறவி, மரணத்துக்குக் காத்திருந்த சிறைநாட்களில், தாவீது அரசனின் பச்சாத்தாப சங்கீதத்தைத் தியானித்து ஒரு நூல் எழுதினார். அத்தியானம் ஐரோப்பா முழுதும் பரவியது. சில வருஷங்களுக்குப் பிறகு, 1503, 1504ஆம் ஆண்டுகளில் ஃபெராரா நகரத்து அரசனிடம் பணிபுரிந்த ஜோஸ்கன் தே ப்ரே, அதே சங்கீதத்துக்கு ஐந்து குரல்களில் இசையமைத்தார். ஒரு நடுக்குரலுக்கு அவர் கொடுத்தது, இரக்கம் வேண்டும் ஒற்றை வாசகம் மட்டுமே. ஒரே சுரத்தில் நின்று, அடுத்த மேற்சுரத்தைத் தொட்டு, மீண்டும் பழைய இடத்தில் அமர்கின்ற மிகச் சிறிய இசை. முதற்பகுதியில் அவ்வாசகம் திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே இறங்கி, ஒரு ஸ்தாயி முழுவதையும் கடந்து அடியைத் தொடுகிறது. இரண்டாம் பகுதியில் அதே படிகளில் ஏறுகிறது. மூன்றாம் பகுதியில் மறுபடியும் இறங்கத் தொடங்கிப் பாதி வழியில் நிற்கிறது. அந்த ஒரு குரல் மன்றாடும் ஒவ்வொரு முறையும், அதுவரை வெவ்வேறு வசனங்களைப் பாடிக்கொண்டிருந்த மற்றக் குரல்கள் யாவும் தங்கள் பாட்டை விட்டு அந்த மன்றாட்டிலே வந்து சேர்கின்றன. ஒப்பாரியில் ஒருத்தி வரி எடுத்துச் சொல்ல, சுற்றி அமர்ந்தவர்கள் அடிமுடிவில் குரல் சேர்த்து அழுவதைக் கேட்டவர்களுக்கு இந்த அமைப்பின் நியாயத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பல குரல்கள் பின்னிப் பின்னிச் சொற்கள் மறைந்துபோகின்றன என்ற முறைப்பாடும் அக்காலத்தில் எழுந்தது. 1555இல் இருபத்திரண்டே நாட்கள் ஆட்சிசெய்து மறைந்த இரண்டாம் மார்செல்லுஸ் பாப்பரசர், அவ்வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமையன்று பாடகர்களை அழைத்து, அந்நாளின் துக்கத்துக்கு ஏற்பவும் சொற்கள் விளங்கும்படியும் பாட வேண்டுமென்று புத்தி சொன்னார். திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கமும் 1562இல் தேவாலய சங்கீதத்திலிருந்து உலகியல் ஆபாசங்களை நீக்கும்படி பணித்தது. அந்தப் பாப்பரசரின் பெயரால் பாலஸ்திரீனா இயற்றி 1567இல் அச்சிட்ட ஆறு குரல் பூசை இசையில் ஒவ்வொரு அசையும் தெளிவாகக் கேட்கிறது. அந்த ஒரு கிருதியே பல்குரல் சங்கீதத்தைத் தடையிலிருந்து காப்பாற்றியது என்று பின்னர் வழங்கிய கதை கதையே.

விக்டோரியா 1585இல் உரோமாபுரியில் வெளியிட்ட பரிசுத்த வாரத் தொகுதிக்கு வருவோம். பெரிய வெள்ளிக்கு முன்னும் பின்னுமாக மூன்று நாட்களுக்குரிய இருள் வழிபாட்டில் பாடவேண்டிய எரேமியாவின் புலம்பல்களும், வாசகங்களுக்கு மறுமொழியாக நான்கு குரல்களில் எழும் பதினெட்டுப் பதிற்பாடல்களும் அதில் அடங்கியுள்ளன. அந்த வழிபாட்டில் முக்கோண வடிவான தண்டில் பதினைந்து மெழுகுவர்த்திகள் ஏற்றப்படும். வேதாகமச் சங்கீதம் ஒவ்வொன்றும் முடியும்போது ஒரு மெழுகுவர்த்தி அணைக்கப்படும். கடைசித் தீபம் மட்டும் அணையாமல் பீடத்தின் பின்னே மறைக்கப்படும். கோவில் இருண்டு கிடக்கையில் பூமி அதிர்ந்ததை நினைவூட்டும்படி பலகைகளில் தட்டும் ஓசை எழும். பிறகு மறைத்த தீபம் திரும்பி வரும். அந்த இருளுக்கென்று எழுதப்பட்ட விக்டோரியாவின் பாடல்களில் ஆடம்பரம் ஏதும் இல்லை. வழிப்போக்கர்களை நிறுத்தித் தன் துயரத்துக்கு நிகரான துயரம் உண்டா என்று பார்க்கச் சொல்லும் எரேமியாவின் வாசகத்துக்கு அவர் நான்கே குரல்களை வைத்தார். அவை ஏறக்குறைய சேர்ந்தே நடந்து, துயரம் என்ற சொல்லில் ஒன்றையொன்று உரசித் தயங்குகின்றன. வித்தை தெரிந்தவர் அதைக் காட்டாமல் அடக்கிக்கொண்டதால் உண்டான வலிமை அது. நேரியோடு ஒரே இல்லத்தில் வாழ்ந்தவர் அப்படி எழுதியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நேரியை, கீழைத் தேசங்களின் அப்போஸ்தலரான பிரான்சிஸ் சவேரியாருடனும் ஆவிலாவின் தெரேசம்மாளுடனும் சேர்த்து 1622ஆம் ஆண்டு ஒரே நாளில் அர்ச்சிஷ்டர்களாக உயர்த்தினார்கள். அவருடைய சபையை முன்மாதிரியாகக் கொண்டு, கோவாவில் இந்தியக் குருமார் தமக்கென ஒரு சபையை அமைத்தார்கள். 1685இல் அதில் சேர்ந்து அதற்கு ஒழுங்கு வகுத்துக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் யோசேப் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் 1658இல் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து, அவர்களை மறைத்து வைப்பவர்களுக்கு மரண தண்டனை என்று பறைசாற்றியிருந்த இலங்கையில், 1687இல் பிச்சைக்காரரின் வேஷத்தில் அவர் யாழ்ப்பாணக் கரையை வந்தடைந்தார். கழுத்தில் ஜெபமாலை அணிந்து வீடு வீடாக யாசித்து, அந்த மாலையைக் கண்டு முகம் மாறுபவர்களைக் கொண்டு விசுவாசிகளை அடையாளம் கண்டார். சில்லாலையில் தங்கி இரவுகளில் பூசை செய்தார்.

இங்கிலாந்திலும் ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன் இதேபோல ஒரு நிலை இருந்தது. கத்தோலிக்க வழிபாடு சட்டத்தால் விலக்கப்பட்டிருந்த நாட்டில், அரசியின் சங்கீத சபையிலேயே பணிபுரிந்த வில்லியம் பர்ட், 1592க்கும் 1595க்கும் இடையில் மூன்று, நான்கு, ஐந்து குரல்களுக்கு மூன்று பூசை இசைகளை இயற்றி, முகப்புப் பக்கம் இல்லாமல் அச்சிட்டார். பெரிய பாடகர் குழுவும் உயர்ந்த மண்டபமும் இல்லாமல், ஒரு பிரபுவின் வீட்டு அறையில் ஐந்தாறு பேர் தாழ்ந்த குரலில் பாடத் தக்க அளவில் அவை அமைந்திருப்பதற்குக் காரணம் அதுவே. அச்சத்தின் நடுவே பாடப்படும் பிரார்த்தனை உரத்துப் பேசாது; பர்ட் சமாதானத்துக்காக மன்றாடும் இறுதிப் பகுதியில் அந்தத் தாழ்ந்த குரலை இன்றும் கேட்கலாம். சில்லாலையின் இரவுப் பூசைக்குச் சுரக் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அதே அடக்கமும் அதே ஏக்கமும் அங்கும் இருந்திருக்க வேண்டும்.

வாஸ் அடிகளார் 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய வேவுகாரர் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நல்லெண்ணத்தைப் பெற்று, வைசூரி கண்ட காலத்தில் கைவிடப்பட்ட நோயாளிகளுக்குத் தம் கையாலேயே பணிவிடை செய்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே காலமானார். ஊவா அப்போது அந்த இராஜ்யத்தின் ஒரு பகுதி. பதுளையை எரித்த போர்த்துக்கேயரின் மதத்தையே தாமும் சார்ந்தவர் என்ற பழியைத் தாங்கிக்கொண்டு, அதே ஜனங்களின் நடுவில் அவர் வாழ்ந்து மறைந்தார் என்பதை இத்தொடரின் வாசகர்கள் ரந்தெனிவெலவோடு சேர்த்து நினைக்க வேண்டும். 1705இல் அவரிடம் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். தமிழில் அவர் செய்த வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் திருப்பாடுகளைத் தியானிப்பதற்கென்று எழுந்தது. வடபகுதிக் கோவில்களில் அதை வெறுமனே படிப்பதில்லை, இராகத்தோடு நீட்டி ஓதுவார்கள். சிங்களத்தில் அவர் வழியாக வந்த பசன் பாடல்களும் அப்படியே. விக்டோரியாவின் நான்கு குரல் ஏடுகளைக் கொன்சால்வேஸ் இங்கே கொண்டுவரவில்லை; அந்த ஏடுகள் எந்தத் தேவைக்காகப் பிறந்தனவோ அந்தத் தேவையை அறிந்து, அதற்கு நம் மொழியில் வேறோர் உருவம் கொடுத்தார். நேரியின் இல்லத்திலிருந்து வந்த உரிமைச் சொத்து அது என்று சொல்வதில் மிகையில்லை.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து ஊவாத் தோட்டங்களுக்கு வந்த ஜனங்களுள் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரைப் பகுதிகளின் கத்தோலிக்கரும் இருந்தார்கள். மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தபோது பாதையோரத்தில் தம்மவரைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். புலம்பல் அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டிய வித்தையல்ல. மாசி மாதத்தில் லயங்களின் முன்றிலில் காமன் கூத்து நடக்கும். எரிந்துபோன மன்மதனுக்காக ரதி அழும் பகுதியைத் தப்பு ஓசையினிடையே கேட்டுத் தோட்டமே கண் கலங்கும். அதே வாரங்களில்தான் பெரும்பாலும் தவக்காலமும் வரும். ஒரு லயத்தின் ஒரு கோடியில் ரதியின் புலம்பலும், மறுகோடியில் மரியன்னையின் வியாகுலமும் ஒரே பனிக்காற்றில் எழுவதை ஊவாவில் அன்றி வேறெங்கு கேட்க முடியும்? இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இரண்டையும் பாடுகிற தொண்டையும், இரண்டையும் கேட்டு அழுகிற கண்ணும் ஒரே ஜனங்களுடையவை.

அந்த ஜனங்களுக்குக் குருமாராக வந்தவர்கள் இத்தாலியிலிருந்து வந்த பெனதிக்து சபைத் துறவிகள். சில்வெஸ்தர் கொட்ஸொலீனி 1231இல் மோந்தே ஃபானோ என்னும் மலையில் நிறுவிய கிளையைச் சேர்ந்த அவர்களில் யோசேப் பிராவி 1845இல் முதன்முதலாக இலங்கைக்கு வந்தார். 1883இல் கண்டி தனிப் பிரிவாக அமைந்தபோது அதன் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊவாவும் அதனுள் அடங்கியிருந்தது. நாளுக்குப் பல வேளை கூடி வேதாகமச் சங்கீதங்களை ஓதுவதையே தங்கள் முதற்பணியாகக் கொண்டவர்கள் பெனதிக்து துறவிகள். பாடும்போது உள்ளமும் குரலும் இசைந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஸ்தாபகர் விதித்த நியமம். பல்குரல் சங்கீதம் வளர்ந்த வேர் அவர்களுடைய ஒற்றைக்குரல் ஓதலே. ஹப்புத்தளைக்கு அருகே தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலேயப் பிரபு 1931இல் கட்டிய ஆடிஷாம் மாளிகை, 1960களில் இதே துறவிகளின் மடமாயிற்று. தன் சொந்தக் கிராமத்தின் பெயரைச் சூட்டி ஒரு தோட்டச் சீமான் எழுப்பிய கல்மாளிகையில், சில்வெஸ்தரின் திருப்பண்டம் ஒன்று இன்று வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம், கிரகோரிய ஓதல் எனப்படும் அந்த ஒற்றைக்குரல் ஓதலுக்கு முதலிடமும் பல்குரல் சங்கீதத்துக்கு உரிய இடமும் அளித்ததோடு, அந்தந்த ஜனங்களின் இசை மரபையும் மதிக்கச் சொன்னது. இலங்கையில் பின்னதையே மிகுந்த ஊக்கத்தோடு பற்றிக்கொண்டார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் பீடத்தருகே வந்தன. தோட்டத்துக் கோவில்களில் தமிழ்ப் பூசையும் தமிழ்ப் பாட்டும் நிலைபெற்றன. இது நேரியின் நெறிக்கு முற்றிலும் ஒத்ததே என்பதால் இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் பதுளையின் இளம் பாடகர்கள் விக்டோரியாவின் பதிற்பாடல் ஒன்றையேனும் நான்கு குரலில் பயின்று, தவக்காலத்து இரவொன்றில் பாட வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. தோடியை அறிந்த செவியும், ஒப்பாரியை அறிந்த நெஞ்சும் உள்ளவர்களுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கும். நான்கே குரல்கள், வாத்தியம் எதுவும் வேண்டாம், செலவு எதுவும் இல்லை.

1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, தாமும் பெனதிக்து துறவியாகிய அவர், பழமையும் வசதியும் நிறைந்த அந்தப் பீடத்தைத் தாமே விரும்பி விட்டுவிட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்து, 1982இல் காலமாகும் வரை இங்கேயே பணியாற்றினார். அவர் காலத்துச் செய்திகள் இத்தொடரின் பிற்பகுதிக்கு உரியவை. இனிக் காலவரிசைக்குத் திரும்பி, கண்டி இராஜ்யத்தின் கடைசி வருஷங்களையும், 1817இல் இந்த ஊவாவிலேயே ஆங்கிலேயருக்கு எதிராக மூண்ட பெருங்கிளர்ச்சியையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.